எண்ணூர் காற்றைப் பற்றி ப்ராஜெக்ட் செய்யணுமா? பள்ளி மாணவர்களுக்கு நம்பகமான தகவல் இணையத்தில் எங்கே இருக்கு?

2023 டிசம்பரில் எண்ணூருக்கு அடுத்தடுத்து இரண்டு அடி விழுந்தது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியது. அந்தக் கறை போவதற்குள், டிசம்பர் 26 நள்ளிரவு நெருங்கும் நேரத்தில், உரத் தொழிற்சாலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் மூச்சுத் திணறலோடு வீட்டை விட்டு ஓடினார்கள்.

அந்த ஊர்ப் பள்ளியில் படிக்கும் மாணவர் ஒருவர் ‘எங்க ஏரியா காற்று எப்படி இருக்கு?’ என்று ஒரு ஆய்வு செய்ய நினைத்தால் எங்கே தேடுவார்? ‘கூகுள்ல போட்டா வந்துடும்’ என்பதுதான் எல்லோரும் சொல்லும் பதில். வரும்தான். ஆனால் அப்படி வருவதில் எதை நம்புவது, எதை விடுவது?

காசு கட்டினால்தான் படிக்க முடியுமா?

ஆய்விதழ்களில் வரும் பல கட்டுரைகளைச் சந்தா கட்டினால்தான் முழுசாகப் படிக்க முடியும். இதற்காக ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் கொடுத்தது. மூன்று ஆண்டுகளுக்கு ரூ.6,000 கோடி. 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்கள். பயன்பெறுவோர் 6,300-க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள்.

இதில் பள்ளிகள் இல்லை. எண்ணூர் முகத்துவாரத்து மீனில் என்ன உலோகம் இருக்கிறது என்ற கட்டுரையைக் கல்லூரிப் பேராசிரியர் படிக்கலாம். அந்த மீனைச் சாப்பிடும் வீட்டுப் பிள்ளை, அந்தக் கட்டுரை சந்தாவுக்குள் இருந்தால், சுருக்கத்தை மட்டும்தான் பார்க்க முடியும். ஆனால் பள்ளி ஆய்வுக்குத் தேவையான தகவலில் பெரும்பகுதி ஆய்விதழ்களுக்கு வெளியே, பொது ஆவணங்களாக, இலவசமாகவே இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று தெரியாததுதான் சிக்கல்.

போனிலேயே எடுக்கக்கூடிய அரசுத் தகவல்கள் எவை?

முதலாவது, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் காற்றுத் தரத் தளம். மணலி, ராயபுரம், கொடுங்கையூர் உள்ளிட்ட இடங்களின் தொடர் கண்காணிப்பு நிலையப் பதிவுகள் இதில் இருக்கின்றன. ஊர், தேதி, எந்த மாசு என்று தேர்ந்தெடுத்தால் அட்டவணையாகவே பதிவிறக்கலாம். அன்றைய நிலவரம் மட்டும் போதும் என்றால் வாரியத்தின் ‘சமீர்’ செயலி இருக்கிறது.

இரண்டாவது, தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுகள். எண்ணெய்க் கசிவு, அமோனியா கசிவு இரண்டையும் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு விசாரித்தது. யார் என்ன சொன்னார்கள், எந்தக் குழு என்ன அறிக்கை கொடுத்தது என்பதெல்லாம் உத்தரவுகளில் பதிவாகியிருக்கும். ஆங்கிலத்தில்தான் இருக்கும், ஆனால் செய்தித் துணுக்கைவிடப் பலமான ஆதாரம்.

மூன்றாவது, பலருக்குத் தெரியாத ஒன்று. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பொதுமக்கள் கருத்துக்கேட்பு நடக்கும் திட்டங்களுக்கு அறிக்கையின் சுருக்கத்தை உள்ளூர் மொழியிலும் தர வேண்டும். எண்ணூரைச் சுற்றி வரும் துறைமுக, மின்நிலையத் திட்டங்கள் பற்றித் தமிழில் படிக்க இது ஒரு நல்ல வழி. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத் தளத்தில் தேடலாம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: அந்த அறிக்கையைத் தயாரிக்கப் பணம் கொடுப்பது திட்டத்தைக் கொண்டுவரும் நிறுவனம்தான்.

எண் கிடைத்துவிட்டது, அப்புறம்?

அமோனியா கசிந்த அன்று, தொழிற்சாலை வாசல் அருகே ஒரு கன மீட்டர் காற்றில் 2,090 மைக்ரோகிராம் அமோனியா இருந்ததாகத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தெரிவித்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 400. ‘ஐந்து மடங்கு’ என்று எழுதிவிடலாம்தான். ஆனால் 400 என்பது 24 மணி நேரச் சராசரிக்கான வரம்பு. 2,090 என்பது குறிப்பிட்ட நேரத்தில் எடுத்த அளவு. இதனால் ஆபத்து குறைந்துவிடாது. ஆனால் எங்கே, எப்போது, எவ்வளவு நேரத்துக்கு அளந்தது என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அது ஆய்வு.

இன்னொரு உதாரணம் பிஎம் 2.5 எனும் நுண்துகள். இந்திய விதிப்படி ஒரு நாள் சராசரி 60 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். உலக சுகாதார அமைப்பு 2021-இல் சொன்ன அளவு 15. ஒரு நாள் 45 பதிவானால், இந்தியக் கணக்கில் ‘வரம்புக்குள்’. உலகக் கணக்கில் மூன்று மடங்கு. எந்த அளவுகோலை எடுத்தோம் என்று சொல்லாமல் எழுதினால், படிப்பவர் ஏமாந்துவிடுவார்.

பெயரை மாற்றிப் போட்டுத் தேடுங்க

வடசென்னை ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி எழுதுகிறார்கள். திருவொற்றியூருக்கே பல எழுத்துக்கூட்டல்கள் உண்டு. கொசஸ்தலை ஆற்றுக்குக் கொற்றலை ஆறு என்றும் பெயர். ஒரு பெயரில் மட்டும் தேடினால் பாதி ஆவணங்கள் கண்ணிலேயே படாது. தேடும் சொல்லோடு ‘பிடிஎஃப்’ என்று சேர்த்துப் போட்டால் அறிக்கைகள் மேலே வர வாய்ப்பு அதிகம்.

நிலம் எப்படி மாறியது என்று பார்க்க கூகுள் எர்த்தின் டைம்லாப்ஸ் வசதி உதவும். 1984-இல் தொடங்கும் செயற்கைக்கோள் படங்கள் அதில் உண்டு. 2001-இல் எண்ணூர் துறைமுகம் திறக்கப்பட்டதற்கு முன்னும் பின்னும் கரையோரம் எப்படி இருந்தது என்பதைப் போனிலேயே ஒப்பிடலாம்.

வரலாறு, தமிழ்ப் பாடங்களுக்கு?

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் பழைய நூல்கள், இதழ்கள் படியெடுத்து வைக்கப்பட்டுள்ளன. ஐஐடி கரக்பூர் நடத்தும் இந்திய தேசிய மின்நூலகத்தில் பள்ளிப் பாடங்களுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. மாநிலப் பாடநூல்கள் இணையத்தில் இலவசம்; பாட வீடியோக்களுக்கு ‘மணற்கேணி’ செயலியும் ‘திக்‌ஷா’ தளமும் இருக்கின்றன. ஆங்கிலக் கலைச்சொல்லுக்குத் தமிழ் வேண்டுமென்றால் அரசின் ‘சொற்குவை’ தளம். தமிழ் விக்கிப்பீடியாவில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உண்டு. அதை முடிவாக எடுக்காமல், கட்டுரையின் அடியில் இருக்கும் மேற்கோள்களைத் திறந்து பார்ப்பதுதான் சரியான பயன்பாடு.

நம்புவதா வேண்டாமா, எப்படிக் கண்டுபிடிப்பது?

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். வரலாற்று அறிஞர்கள் 10 பேர், தகவல் சரிபார்ப்பாளர்கள் 10 பேர், மாணவர்கள் 25 பேர். எல்லோரிடமும் சில இணையத்தளங்களைக் காட்டி, நம்பலாமா என்று கேட்டார்கள். அறிஞர்களும் மாணவர்களும் அந்தப் பக்கத்திலேயே நின்று, அழகான வடிவமைப்பையும் பெயரையும் பார்த்து அடிக்கடி ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் உடனே அந்தப் பக்கத்தை விட்டு வெளியே வந்து, ‘இதை நடத்துவது யார்? மற்றவர்கள் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள்?’ என்று தேடினார்கள். விரைவாகவும் சரியாகவும் முடிவுக்கு வந்தது இவர்கள்தான்.

ராயபுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘இந்தியாவின் முதல் ரயில் நிலையம்’ என்று யாராவது ஃபார்வர்டு அனுப்பினால், இன்னொரு இடத்தில் தேடினாலே உண்மை தெரிந்துவிடும். இந்தியாவில் முதல் பயணிகள் ரயில் 1853-இல் மும்பை, தானே இடையே ஓடியது. ராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்கு ரயில் கிளம்பியது 1856-இல். அது தென்னிந்தியாவுக்குத்தான் முதல்.

சாட்ஜிபிடியிடமே கேட்டால் என்ன?

புரியாத பத்தியை எளிமையாக்கச் சொல்லலாம், எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவது என்று கேட்கலாம். ஆனால் ‘ஆதாரம் கொடு’ என்று கேட்டால், இல்லாத கட்டுரையை இருப்பது போலவே சொல்லும் ஆபத்து உண்டு. 2023-இல் நியூயார்க் வழக்கறிஞர்கள் இருவர், சாட்ஜிபிடி கற்பனையாகக் கொடுத்த தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்து, 5,000 டாலர் அபராதத்துக்கு ஆளானார்கள். அது கொடுக்கும் ஆதாரத்தைத் தேடிப்பிடித்து, கண்ணால் பார்த்த பிறகுதான் எழுத வேண்டும்.

மாணவர் மட்டும் முயன்றால் போதுமா?

போதாது. 200 பக்க அறிக்கையைச் சின்னத் திரையில் படிப்பது பெரியவர்களுக்கே கஷ்டம். வீட்டில் ஒரே போன், அதுவும் வேலைக்குப் போகும் அப்பாவிடம் என்றால் இன்னும் சிரமம். அரசுப் பள்ளிகளில் இருக்கும் உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தை மாலையில் ஒரு மணி நேரம் திறந்து வைத்தாலே இதில் பாதி தீரும். பசுமைத் தீர்ப்பாய உத்தரவுகளின் சுருக்கம் தமிழில் வந்தால் மாணவர்களுக்கு மட்டுமல்ல, மீனவ கிராமங்களுக்கும் பயன்.

அதுவரை ஒரு யோசனை. தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு போன்ற போட்டிகள் கேட்பதே உள்ளூர்ப் பிரச்சினை பற்றிய ஆய்வைத்தான், தாய்மொழியிலேயே செய்யலாம். மணலி, ராயபுரம் நிலையங்களின் ஒரு மாதப் பதிவை எடுத்து, நாற்றம் அடித்த நாட்களைக் குறித்துவைத்த வீட்டுக் குறிப்போடு ஒப்பிட்டால், அதுவே ஒரு நல்ல தொடக்கம். அந்த வீட்டுக் குறிப்பு எந்த ஆய்விதழிலும் கிடைக்காது. அங்கே வாழ்பவர்களால் மட்டும்தான் எழுத முடியும்.