கொல்லாது காணும் ஒளி

திருச்சிராப்பள்ளியின் பாலக்கரையிலிருந்து வடக்கே சென்று காவிரியைக் கடந்தால் திருவானைக்காவலை அடையலாம். சர் சி.வி. இராமன் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் பிறந்த ஊர் அது. பொருளின்மீது பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு சிறுபகுதி நிறம் மாறுகிறது என்பதை அவர் 1928இல் கண்டறிந்தார். அம்மாற்றம் அப்பொருளின் மூலக்கூறுகளை அடையாளம் காட்டும். நீர்மங்களை ஆராய்ந்தபோது கிட்டிய அவ்வறிவு, இன்று உயிருள்ள விலங்கின் திசுக்களை ஆராயவும் துணைநிற்கிறது.

உயிருடலை ஒளியால் காண வேறு வழிகளும் உள்ளன. ஒசாமு ஷிமோமுரா 1962இல் ஜெல்லி மீனிலிருந்து பச்சை ஒளிர்புரதத்தைப் பிரித்தெடுத்தார். நீல ஒளியை ஏற்றுப் பச்சை ஒளியை உமிழ்வது அதன் இயல்பு. அதற்குரிய மரபணுவை மார்ட்டின் சால்ஃபி ஒரு நுண்புழுவினுள் செலுத்தி, குறிப்பிட்ட நரம்புச் செல்கள் மட்டும் ஒளிர்வதை 1994இல் காட்டினார். ரோஜர் சியென் அப்புரதத்தைப் பல நிறங்களில் ஒளிரச் செய்தார். மூவரும் 2008இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர்.

இவ்வொளிர்காட்டிகளின் தலையாய பயன், உயிர்க்கொலையைக் குறைப்பதே எனலாம். புற்றுநோய்க் கட்டியின் வளர்ச்சியை அறிய, முன்னர் ஒவ்வொரு கட்டத்திலும் சில எலிகளைக் கொன்று அறுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. இன்று ஒரே எலியைப் பல வாரங்கள் தொடர்ந்து காண இயல்கிறது. நேற்றைய நிலையையும் இன்றைய நிலையையும் ஒரே உடலில் ஒப்பிடுவதால் முடிவும் துல்லியமாகிறது. இங்கே அருளும் அறிவும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

ஆயினும், கொல்லவில்லை என்பதாலேயே துன்பமில்லை என்று கொள்ளலாகாது. நோயை ஏற்கும் உடல் அவ்வெலியினுடையதே. மீண்டும் மீண்டும் மயக்கமருந்தை ஏற்பதும் அதுவே. மேலும், குருதியும் திசுக்களும் ஒளியை உறிஞ்சியும் சிதறடித்தும் விடுகின்றன. அகச்சிவப்புக்கு அண்மையான ஒளி சற்று ஆழம் செல்லும். எனினும், சிற்றெலியின் உடலில் தெரிவதெல்லாம் மனித உடலின் ஆழத்தில் தெரிவதில்லை. ஆதலின், எலியில் கண்ட வெற்றியை மனிதனுக்கான மருந்தாக அறிவிக்க விரைவது நேர்மையன்று.

விலங்குகளுக்கு மாற்று தேடுதல், அவற்றின் எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பத்தைத் தணித்தல் என்னும் மூன்று நெறிகளை ரசல், பர்ச் என்னும் ஆங்கிலேய அறிஞர்கள் 1959இல் வகுத்தனர். இந்தியாவும் 1960இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தை இயற்றியது. கொல்லாமைக்குத் தனி அதிகாரம் வகுத்த குறளைக் கற்கும் மாணவர்க்கு இந்நெறிகள் புதியன அல்ல. நாளை ஆய்வகத்தில் நுழையும் இளையோர், 'இதனைக் காண இயலுமா?' என்பதோடு, 'இதற்கு ஓர் உயிர் தேவையா?' என்றும் வினவுதல் வேண்டும்.