கதவு எப்போது திறக்கும்?

தாண்டிக்குடியில் காப்பிப் பழம் பறிப்பு தை, மாசியோடு ஓய்ந்துவிடும். அப்புறம் மிளகு. இரண்டையும் விற்றால் கையில் ஒரு தொகை நிற்கும். அடுத்த பறிப்பு வரை குடும்பம் அதில்தான் ஓட வேண்டும்.

இப்படி வருஷத்துக்கு ஒரு தடவை காசு பார்க்கிறவர்களிடம் "மாதாமாதம் வருமானம்" என்று சொன்னால் ஆசை வரத்தான் செய்யும்.

கடன் பத்திர நிதி என்று ஒன்று இருக்கிறது. பல பேரிடம் பணம் திரட்டுவார்கள். அதைச் சர்க்காருக்கும் கம்பெனிகளுக்கும் கடனாகக் கொடுப்பார்கள். வருகிற வட்டியில் செலவு போக மிச்சம் நமக்கு.

இதில் ஒரு வகை மூடிய நிதி. சில நாள் மட்டும் பணம் வாங்குவார்கள். பிறகு கதவைச் சாத்திவிடுவார்கள். மூன்று ஆண்டு என்றால் மூன்று ஆண்டுதான். நடுவில் போய்க் கேட்டால் கம்பெனி தராது.

"பங்கு மார்க்கெட்டில் விற்கலாமே!" என்பார்கள். விற்கலாம். வாங்க ஆள் வர வேண்டுமே! வந்தாலும் விலையைக் குறைத்துத்தான் கேட்பார். அவசரத்துக்கு மாடு விற்கப் போனவர்களுக்கு இது தெரியும்.

கதவு மூடியிருப்பதில் நன்மையும் உண்டு. 2020 ஏப்ரலில் பிராங்ளின் டெம்பிள்டன் கம்பெனி 6 கடன் நிதிகளை இழுத்து மூடியது. அவை திறந்த நிதிகள். பணத்தைத் திரும்பக் கேட்டவர்கள் பெருகினார்கள். பத்திரங்களை விற்கவோ வழியில்லை. மூடிய நிதிக்கு இந்தத் தொல்லை கிடையாது.

ஆனால் கடன் வாங்கியவன் கொடுக்காவிட்டால்?

அதுவும் நடந்தது. 2019 ஏப்ரலில் எஸ்ஸெல் குழுமக் கம்பெனிகளுக்குக் கொடுத்த கடன் உரிய காலத்தில் திரும்பவில்லை. கோடக் கம்பெனியின் சில மூடிய நிதிகளில் தவணை முடிந்தவர்களுக்கு முழுப் பணம் கிடைக்கவில்லை. மிச்சத்துக்குக் காத்திருக்க வேண்டி வந்தது. எச்.டி.எப்.சி. கம்பெனியோ ஒரு நிதியின் தவணையை 380 நாள் நீட்டச் சம்மதம் கேட்டது. அந்த நாளை நம்பி மகள் கல்யாணத்துக்குத் தேதி குறித்தவர் என்ன செய்வார்?

மாத வருமானம் என்பதையும் கொஞ்சம் விசாரிக்க வேண்டும். பாங்கி வட்டி போல இது நிச்சயமான தொகை அல்ல. கையில் வருவதில் நம் முதலும் கொஞ்சம் இருக்கலாம். அதனால்தான் 2021 ஏப்ரல் 1 முதல் "டிவிடெண்டு" என்ற பெயரைச் செபி மாற்றச் சொன்னது. முதலும் சேர்ந்து வரலாம் என்பது புதிய பெயரிலேயே தெரிய வேண்டும் என்றது. நல்ல காரியம். ஆனால் அந்தப் பெயர் இங்கிலீஷில் அல்லவா இருக்கிறது! நம் பாட்டிக்கு எப்படிப் புரியும்?

பாங்கி டெபாசிட்டுக்கு ரூ.5 லட்சம் வரை இன்ஷூரன்ஸ் உண்டு. இந்த நிதிகளுக்கு அது இல்லை. தபால் ஆபீஸ் மாத வருமானத் திட்டமும் 5 ஆண்டுத் தவணைதான். ஆனால் ஓராண்டு போனதும், கொஞ்சம் பிடித்துக்கொண்டு பணத்தைத் தந்துவிடுவார்கள்.

ஆகவே பறிப்புக் கூலி, உரம், பள்ளிக்கூடச் சம்பளம் ஆகியவற்றுக்கான பணத்தை மூடிய நிதியில் போடக் கூடாது என்பதே நம் கருத்து. அதெல்லாம் போக மிச்சம் இருப்பவர்கள் போடலாம். அவர்களும் யாருக்குக் கடன் கொடுக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் போடட்டும்.

கம்பெனிகளுக்கும் ஒரு வார்த்தை. கையெழுத்து வாங்கும் தாளின் முதல் வரியில், கதவு எந்தத் தேதியில் திறக்கும் என்பதைத் தமிழில், பெரிய எழுத்தில் அச்சடியுங்கள்.