பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

கெய்ரோவில் ஓதித் திரும்பிய நண்பர் ஒருவர், சுவரில் மாட்டும் துணியொன்றை எனக்கு அன்பளிப்பாகத் தந்தார். நீலத் துணியில் எட்டுமுனை விண்மீன். சுற்றிலும் பின்னிப் படர்ந்த கொடிகள். "அருமையான அச்சு" என்றேன். நண்பரின் முகம் வாடிற்று. ஒன்றும் பேசாமல் துணியைத் திருப்பிக் காட்டினார். முரட்டுக் கித்தானில் ஒவ்வொரு விளிம்பும் சின்னஞ்சிறு தையற் புள்ளிகளாய்ப் பதிந்திருந்தது. வெட்கிப் போனேன்.

இக்கலையின் பெயர் 'கயாமிய்யா'. 'கைமா' என்றால் அரபியில் கூடாரம். கி.பி. 1092இல் எழுந்த ஸுவைலா வாயிலுக்குத் தெற்கே, 17ஆம் நூற்றாண்டில் ரித்வான் பே கட்டுவித்த கூரையிட்ட கடைத்தெருவில் இத்தொழில் இன்றும் நடக்கிறது. திருமணத்திற்கும் துக்கத்திற்கும் எழுப்பும் கூடாரங்களின் உட்புறத்துக்கே இவ்வலங்காரம். வெளியே வெறுங் கித்தான்தான். சம்மணமிட்டு அமர்ந்து தைப்போர் பெரும்பாலும் ஆண்களே. (ஊசி பெண்களுக்கே உரியது என்றெண்ணும் நம் இளைஞர்கள் கவனிக்க!)

மடித்த தாளில் கோலத்தின் ஒரு பகுதியை வரைந்து, கோடு நெடுக ஊசியால் துளையிடுவர். அத்துளைகள் வழியே கரித்தூளைத் தேய்த்தால் கோலம் துணியில் இறங்கிவிடும். பிறகு வண்ணத் துணியை வெட்டி, விளிம்பை ஊசிமுனையாலேயே உள்ளே மடக்கி மடக்கித் தைப்பர். தையல் முன்புறம் தெரியாது. அதே கோலத்தை அச்சிட்ட மலிவுத் துணி சந்தைக்கு வந்ததும், தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாமற் போயிற்று. 2011ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் சுற்றுலாப் பயணிகளும் குறையவே, கடைகள் வாடின.

இவர்களின் அருமையை உணர்ந்து உலகுக்குக் காட்டியவர்களுள் ஒருவர், எகிப்திலிருந்த ஆஸ்திரேலியத் தூதரின் துணைவியார் ஜென்னி பவ்கர். அவரே துணிகளுக்கிடையே பஞ்சு வைத்துத் தைக்கும் 'குவில்ட்' கலைஞர். 2007இல் மெல்போர்ன் நகரில் இவர்களின் படைப்புகளைக் காட்சிக்கு வைத்தார். தைத்தவருக்கன்றோ தையலின் விலை தெரியும்!

இதைக் கேட்ட எங்கள் மதரஸா மாணவியர், தாமும் ஒன்று தைக்க விரும்பினர். காடாத் துணியில் ஒரேயொரு விண்மீன். விளிம்புக்குக் கால் அங்குலம் விட்டு வெட்டி, மடக்கிக் கையால் தைத்தனர். உட்குழிந்த மூலைகளில் சிறிது கத்தரித்தால்தான் துணி மடங்கும். கெய்ரோ வேலையில் பஞ்சு கிடையாது. நாங்கள் அடியில் மெல்லிய பஞ்சுத் தாளும் அதன்கீழ் மற்றொரு துணியும் வைத்து, நடுவிலிருந்து வெளிநோக்கி நீண்ட ஓட்டுத் தையலால் இணைத்தோம். தைக்கத் தைக்கத் துணி சுருங்குமாதலால், நாற்புறமும் இரண்டு அங்குலம் கூடுதலாக விடுதல் நலம்.

பின்புலத்தை வீட்டுத் தையல் எந்திரத்தில் நிரப்பலாம். துணியை நகர்த்தும் பற்களை இறக்கிவிட வேண்டும். அவ்வசதி இல்லாத எந்திரத்தில் தகட்டால் மூடலாம். ரஃபூ வேலைக்குரிய பாதத்தை மாட்டி, இரு கைகளாலும் துணியை விருப்பம்போல் வளைத்து நகர்த்தினால், ஊசி எழுதுகோலாகிவிடும். கை விரைந்து கால் தயங்கினால் தையல் நீளும். கை தயங்கினால் நூல் குவியும். பாதத்தின் நெம்புகோலை இறக்க மறந்து நானே ஒருமுறை அடிநூலைக் குருவிக்கூடாக்கினேன். மாணவியர் அடக்கமாகச் சிரித்தனர்.

அந்த ஒரு விண்மீனுக்கு மூன்று பிற்பகல்கள் பிடித்தன. முடிந்ததும் மாணவியொருத்தி என் வீட்டுச் சுவரிலிருந்த கெய்ரோத் துணியை இறக்கித் திருப்பி, அதிலுள்ள விண்மீன்களை விரலால் எண்ணத் தொடங்கினாள்.