குறுக்கெழுத்துப் புதிரும் நாம் செய்யும் உதவியும்



நாளிதழில் வரும் குறுக்கெழுத்துப் புதிரைக் கத்தரித்து, படியெடுத்து, வீட்டுப்பாடமாகக் கொடுக்கும் வழக்கம் நம் தமிழ்ப்பள்ளிகளில் உண்டு. நானும் கொடுத்து வருகின்றேன். கொடுத்த அன்றிரவே வகுப்பின் வாட்சாப் குழுவில் ஒரு செய்தி வந்துவிடும். "டீச்சர், இடமிருந்து வலம் ஏழு மட்டும் வரவில்லை. விடையைச் சொல்லிவிடுங்கள், பிள்ளை தூங்க வேண்டும்." நான் பதில் எழுதுவதற்குள் வேறொரு பெற்றோர் விடையை எழுதியிருப்பார். மறுநாள் எல்லாத் தாள்களிலும் அதே சொல் அழகாக அமர்ந்திருக்கும். அச்சொல்லுக்குப் பொருள் என்னவென்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும்.

இதனால், புதிருக்கு உதவி கேட்பதே தவறு என்று சில ஆசிரியர்கள் கூறுகின்றனர். அக்கருத்தில் எனக்கு உடன்பாடில்லை. கடினமான புதிரைத் துணையின்றி முடிப்பவர் மிகச் சிலரே. பிரிக்பீல்ட்ஸ் உணவுக்கடைகளில் காலை வேளைகளில் பணி ஓய்வு பெற்ற பெரியவர்கள் ஆங்கில நாளிதழின் புதிரை மேசை நடுவே விரித்து வைத்திருப்பதைக் கண்டிருக்கிறேன். ஒருவர் எழுத்துகளை எண்ணுவார். மற்றவர் குறிப்பை மீண்டும் படிப்பார். மூன்றாமவர் "அது வினைச்சொல்லாக இருக்கலாம்" என்பார். விடையை முன்பே கண்டவர்கூட உடனே சொல்லிவிடமாட்டார். நம் பிள்ளைகளுக்கும் அத்தகைய உதவியே வேண்டும் என்பது என் கருத்து. முழு விடையைக் கொடுத்தால் கட்டம் நிறையும். அடுத்த ஓர் அடியை மட்டும் காட்டினால் சொல் பிள்ளையின் சொந்தமாகும்.

குறுக்கெழுத்து நமக்கு மேலைநாட்டிலிருந்து வந்தது. 1913 டிசம்பர் 21-ஆம் நாள் 'நியூயார்க் வேர்ல்ட்' நாளிதழில் ஆர்தர் வின் என்பவர் முதல் புதிரை வெளியிட்டார். 1930-களில் ஆனந்த விகடன் பணப்பரிசுடன் நடத்திய குறுக்கெழுத்துப் போட்டிகள் தமிழ் வாசகரிடையே பெரும் பரபரப்பை உண்டாக்கின. பரிசு ஆசை வளர்ந்தபோது, இது சூதாட்டம் என்ற குற்றச்சாட்டும் வளர்ந்தது. இந்தியாவில் 1955-ஆம் ஆண்டின் பரிசுப் போட்டிகள் சட்டம் இத்தகைய போட்டிகளின் பரிசுக்கு மாதம் 1,000 ரூபாய் என உச்சவரம்பு விதித்தது. விடைக்கு மட்டும் மதிப்பளித்தால் புதிர் எங்கே போய் நிற்கும் என்பதற்கு இவ்வரலாறு ஒரு சான்று.

ஆங்கிலப் புதிருக்கும் தமிழ்ப் புதிருக்கும் அடிப்படையிலேயே ஒரு வேறுபாடு உண்டு. அங்கே 26 எழுத்துகள், இங்கே 247. ஆதலால் இரு சொற்கள் ஒரே எழுத்தில் சந்திப்பது அரிது. இக்காரணத்தாலேயே நம் இதழ்களின் புதிர்களில் 'வலமிருந்து இடம்', 'கீழிருந்து மேல்' என்னும் திசைகளும் இடம்பெற்றன என்று எண்ணுகிறேன். இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால், தமிழ் இலக்கணமே அவர்களுக்குத் துணை நிற்கும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 'தாமரையின் வேறு பெயர், 4 எழுத்து' என்பது குறிப்பு. கமலம், நளினம், பதுமம், கஞ்சம் ஆகிய நான்கும் பொருந்துகின்றன. எதை எழுதுவது? பிள்ளை இங்கேதான் திகைத்து நிற்கும். இப்போது இரண்டாம் கட்டத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் ஓர் எண் அச்சிடப்பட்டிருந்தால், அங்கிருந்து வேறொரு சொல் தொடங்குகிறது என்று பொருள். மெய்யெழுத்து சொல்லின் முதலில் வராது. எனவே 'ஞ்' உள்ள கஞ்சம் நீங்கும். ளகர வரிசையும் சொல்லின் முதலில் வராது. எனவே நளினம் நீங்கும். எஞ்சியவை கமலமும் பதுமமும். மூன்றாம் கட்டத்திலும் எண் இருந்தால், லகரம் தமிழ்ச் சொல்லுக்கு முதலாகாது என்பதால் பதுமத்திற்கே வாய்ப்பு மிகுதி. 'லாரி', 'லட்டு' போன்ற பிறமொழிச் சொற்களைப் புதிர் அமைத்தவர் சேர்த்திருந்தாலன்றி இக்கணக்குப் பிழையாகாது. மொழிமுதல் எழுத்துகளை மனப்பாடம் செய்யத் தயங்கும் நான்காம் ஆண்டு மாணவர்கூட இந்த இடத்தில் விரும்பிக் கேட்பார்.

நம் முன்னோர் இவ்வகைத் தேடலுக்கு ஒரு கருவியும் வைத்திருந்தனர். மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டின் பதினொன்றாம் தொகுதியில், பல பொருள் தரும் சொற்கள் எதுகை வரிசையில், அதாவது இரண்டாம் எழுத்தை வைத்து அடுக்கப்பட்டுள்ளன. திண்ணைப் பள்ளிகளில் நிகண்டை மனப்பாடம் செய்தவருக்கு, இரண்டாம் எழுத்து தெரிந்தாலே சொற்கள் வரிசையாக நினைவுக்கு வந்திருக்கும். இன்று நம்மிடம் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி போன்றவை உள்ளன. அவற்றை மேசைமேல் வைத்திருக்கும் வீடுகள் எத்தனை என்பதை நாமே எண்ணிப் பார்க்கலாம்.

கைப்பேசி இருக்கிறதே என்பர். கைப்பேசி தாமரைக்குப் பத்துப் பெயர்களை ஒரு நொடியில் தரும். ஆனால், எந்தப் பெயர் இக்கட்டத்திற்கு உரியது என்பதைப் பிள்ளைதான் ஆராய வேண்டும். மேலும், கணினியின் எண்ணிக்கையும் நம் எண்ணிக்கையும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. 'நளினம்' நமக்கு 4 எழுத்து. ஒருங்குறியில் 'ளி', 'ம்' ஆகியவை இவ்விரண்டு குறிகளால் அமைவதால் அதே சொல் 6 குறிகளாகப் பதிவாகிறது. எழுத்தெண்ணத் தெரியாத பிள்ளை, கருவி சொன்னதை அப்படியே நம்பிவிடும்.

கருவியைவிடச் சிறந்த துணை பல வீடுகளில் அறையோரத்தில் அமர்ந்திருக்கிறது. கிள்ளானிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் வாழும் பாட்டி தாத்தாக்களில் பலர் தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்கள். 'தானியம் அரைக்கும் கல், 3 எழுத்து' என்ற குறிப்பைக் கண்டு அடுக்குமாடி வீட்டில் வளரும் பிள்ளை விழிக்கும். பாட்டியோ 'திரிகை' என்று சொல்வதற்கு முன்பே கையால் அதைச் சுற்றிக் காட்டிவிடுவார். உலக்கை, முறம், ஒட்டுப்பால் என்று பேச்சு நீளும். பேரப்பிள்ளைகள் தம்மிடம் எதையும் கேட்பதில்லை என்று வருந்தும் முதியோர் பலரை நான் அறிவேன். ஏழாம் கட்டத்தின் விடை வாட்சாப் குழுவிலிருந்து வரும்போது அவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஒரு மாலைப்பொழுது இல்லாமற் போகிறது. இதுதான் என் பெரிய கவலை.

நேரமில்லை என்று பெற்றோர் சொல்வதில் உண்மை இருக்கிறது. வேலை முடிந்து, நெரிசலில் ஊர்ந்து, எட்டு மணிக்கு வீடு திரும்புபவரிடம் நிகண்டைப் பற்றிப் பேசுவது முறையன்று. அதற்கு என் விடை ஒன்றே: கட்டம் காலியாகவே இருக்கட்டும். நிரம்பாத கட்டத்திற்கு நான் மதிப்பெண் குறைப்பதில்லை; எந்த ஆசிரியரும் குறைக்க வேண்டியதில்லை. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-ஆம் ஆண்டில் நீக்கப்பட்ட பிறகும், ஒவ்வொரு தாளையும் தேர்வுத்தாளாகப் பார்க்கும் பழக்கம் நம்மைவிட்டு நீங்கவில்லை. காலியான கட்டத்தோடு வரும் பிள்ளைக்கு மறுநாள் வகுப்பில் கேட்க ஒரு கேள்வி இருக்கும்.

ஆகவே, பிள்ளை உதவி கேட்கும்போது இந்த வரிசையைப் பின்பற்றலாம் என்று பரிந்துரைக்கிறேன்:

1. குறிப்பை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். எழுத்துகளை விரல்விட்டு எண்ணச் சொல்லுங்கள்.
2. அக்கட்டத்தை வெட்டிச் செல்லும் மற்றச் சொல்லை முதலில் கண்டுபிடிக்க விடுங்கள்.
3. மொழிமுதல், மொழியிறுதி எழுத்துகளை நினைவூட்டுங்கள்.
4. அகராதியையோ வீட்டுப் பெரியவரையோ நாடச் செய்யுங்கள்.
5. அப்போதும் வராவிட்டால், ஓர் எழுத்தை மட்டும் கொடுங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு முறையாவது ஐந்துக்கு ஐந்து கட்டங்களில் மாணவர்களே புதிர் அமைக்கட்டும். 'ம்' என்னும் கட்டத்தில் எந்தச் சொல்லையும் தொடங்க முடியாமல் அவர்கள் தவிக்கும்போது, நாம் கரும்பலகையில் எழுதிய விதி அவர்களுக்குப் புரியும். இன்னும் கடினமானவற்றை நாடும் ஆசிரியர்கள், கலிபோர்னியாவின் 'தென்றல்' இதழில் வாஞ்சிநாதன் அமைத்த புதிர்களைத் தேடிப் பார்க்கலாம். குறிப்புக்குள்ளேயே சொல்லை ஒளித்து வைக்கும் கலை தமிழிலும் இயலும் என்பதை அவை காட்டுகின்றன.

நாளிதழ்களின் மாணவர் பக்கப் பொறுப்பாளர்கள் இதைப் படிக்க நேர்ந்தால், விடைகளை வெளியிடும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் ஒருவரி விளக்கத்தையும் சேர்த்து வெளியிடுங்கள். 'ஏழு: பதுமம்' என்பதோடு நிறுத்தாமல், ஏன் பதுமம் என்று ஒரு வரி எழுதினால், காலியான கட்டத்தோடு காத்திருந்த பிள்ளை அடுத்த நாளும் நாளிதழைத் திறக்கும்.