செம்பருத்தி போதாது

மயிலாப்பூரில் எந்தப் பள்ளியில் வேண்டுமானாலும் எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் பூவின் பாகங்களைக் கேட்டுப் பாருங்கள். புல்லி வட்டம், அல்லி வட்டம், மகரந்தத்தாள் வட்டம், சூலக வட்டம் என்று மூச்சுவிடாமல் ஒப்பிக்கும். வரையச் சொன்னால் செம்பருத்தி வரையும். பிளேடால் நெடுக்கக் கீறிய பூ, நடுவே நீண்ட குழல், அதைச் சுற்றி மஞ்சள் மகரந்தப்பைகள், உச்சியில் ஐந்து சூலகமுடிகள். நான் தாவரவியல் ஆசிரியையாக இருந்தவள். அந்தப் பூவின் வசதி எனக்குத் தெரியும்: பெரியது, தெருவுக்குத் தெரு கிடைப்பது, பாகமெல்லாம் கண்ணுக்குப் புலப்படுவது. ஆனாலும் அந்த ஒரு பூவோடு பாடத்தை முடிப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

வீட்டுச் செம்பருத்தி காய்த்து எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? அநேகமாக அது காய்ப்பதே இல்லை. குச்சியை ஒடித்து நட்டுத்தான் பெருக்குகிறோம். மகரந்தம் எதற்கு, சூற்பை எதற்கு என்று விளக்க, காய் பிடிக்காத ஒரு செடியை முன்னால் வைக்கிறோம். மறுநாள் பூ வாடி உதிர்கிறது, பாடமும் உதிர்ந்துவிடுகிறது. இன்னொரு கேடும் உண்டு. ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் ஒரே பூவில் இருப்பதை மட்டும் பார்த்த பிள்ளை, எல்லாச் செடியும் அப்படித்தான் என்று நினைத்தே வளர்கிறது.

அப்படி வளர்ந்தவர் ஒருவரை அடையாறில், என் தோழி குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டின் பின்புறம் பார்த்தேன். “பூவாப் பூக்குது டீச்சர், ஒரு பிஞ்சுகூட நிக்கல. மலட்டு மரம். வெட்டிடப் போறேன்” என்றார். பப்பாளி. நீளக் காம்புகளில் சரம் சரமாகத் தொங்கிய சின்னப் பூக்கள். ஆண் மரம் அது. எதிர்ச்சுவர் ஓரம் நின்ற பெண் மரத்தில், தண்டை ஒட்டிக் காய்கள் அடுக்கியிருந்தன. அவற்றுக்கு மகரந்தம் கொடுத்தது இந்த மரமாகவே இருக்கலாம். இப்படி ஆணும் பெண்ணும் தனித்தனியாக வரும் ரகங்களைத் தோப்பாகப் போடுகிறவர்கள், இருபது பெண் மரத்துக்கு ஒரு ஆண் மரத்தை விட்டுவைப்பார்கள். அவர் பிளஸ் டூவில் உயிரியல் படித்தவர்தான். மரத்தடியில் நிறுத்தி யாரும் காட்டவில்லை.

அவர் வாயில் வந்த அந்த ‘மலடு’ என்னைச் சுட்டது. பிள்ளை இல்லாத வீட்டில் பெண்ணை மட்டும் அப்படிச் சொல்லி வதைத்தவர்கள் நாம். ஒரு விதைக்கு இரண்டு பக்கமும் வேண்டும் என்ற எட்டாம் வகுப்புப் பாடம் சரியாக மனத்தில் இறங்கியிருந்தால், அந்தப் பேச்சு இவ்வளவு சுலபமாக வராது.

நம் முன்னோருக்கு இது தெரியாத சங்கதி அல்ல. திருவோத்தூரில் ஆண்பனைகளைத் திருஞானசம்பந்தர் பாடிக் காய்க்க வைத்தார் என்கிறது பெரிய புராணம். ஆண்பனை காய்க்காது என்பது ஊரறிந்த உண்மையாக இருந்ததால்தானே, அது காய்த்தது அற்புதமாயிற்று!

சித்திரை வெயிலில் நாம் தேடி வாங்கும் நுங்கு பெண்பனையில் காய்ப்பது. ஆனால் எங்கோ நிற்கும் ஓர் ஆண்பனையின் மகரந்தம் வந்து சேராமல் நுங்கு இல்லை. சூலகமுடியில் விழுந்த மகரந்தத் துகள் மெல்லிய குழாயாக முளைத்துச் சூலுக்குள் இறங்குகிறது. அதன் வழியே இரண்டு ஆண் செல்கள் போகின்றன. ஒன்று முட்டையோடு கூடிக் கருவாகும். மற்றது நடுவிலுள்ள உட்கருக்களோடு கூடி, அந்தக் கருவுக்கான சாப்பாடாகும். 1898இல் நவாஷின் என்ற ரஷ்ய அறிஞர் இந்த இரட்டைக் கருவுறுதலைக் கண்டறிந்தார். நாம் உறிஞ்சிச் சாப்பிடும் நுங்கு அந்தச் சாப்பாடுதான். இளநீரும் அதுவே. இதைச் சொல்லிவிட்டு ஒரு நுங்கைக் கையில் கொடுத்தால் எந்தப் பிள்ளை மறக்கும்?

மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் காய்கறிக் கடைகளைச் சுற்றி வந்தால் பாதிப் பாடம் முடிந்துவிடும். அங்கே விற்கும் வாழைப்பூவில் நாம் சமைப்பதெல்லாம் பெரும்பாலும் ஆண் பூக்கள். பெண் பூக்கள் ஏற்கெனவே தாரில் காயாகியிருக்கும், அதுவும் மகரந்தச் சேர்க்கை இல்லாமலே. ஆய்கையில் ‘கள்ளன்’ என்று நாம் உருவி எறிகிற, தலை பருத்த குச்சி சூலகத்தின் தண்டும் முடியும். ஜடையில் வைத்துத் தைக்கும் தாழம்பூவும் ஆண் தாழையில் பூப்பது.

சில வகுப்புகளில் இந்தப் பாடத்தை, ‘வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்’ என்று தள்ளிவிடுகிறார்கள். ஆண், பெண் என்றதும் பிள்ளைகள் சிரிப்பார்களாம். சிரிக்கட்டுமே. இனப்பெருக்கம் பற்றிக் கூச்சமில்லாமல் பேச ஒரு பிள்ளைக்குக் கிடைக்கும் முதல் இடம் பூதான். அங்கேயே ஆசிரியர் தலையைக் குனிந்துகொண்டால், பிறகு அது யாரிடம் போய்க் கேட்கும்?

பள்ளிகளிடம் நான் கேட்பது ஒரு பூசணிக் கொடி. தி.நகரில் என் தங்கை மொட்டை மாடியில் மண் நிரப்பிய சாக்கில் வளர்க்கிறாள்; பள்ளிக்கூடத்தால் முடியாதா? ஆடியில் விதை ஊன்றினால் காலாண்டுத் தேர்வுக்கு முன்னால் பூத்துவிடும். முதலில் வெறும் ஆண் பூக்களாக வரும்; பயப்பட வேண்டாம். சில நாள் கழித்து, அடியில் குட்டிப் பூசணியைச் சுமந்துகொண்டு பெண் பூ வரும். படத்தில் எழுதிய சூற்பை அதுதான் என்று பிள்ளை தானே கண்டுபிடிக்கும். ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழை உரித்து, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் ஒரு பிள்ளை தன் கையால் தடவட்டும். இன்னொரு பெண் பூவை மொட்டிலேயே காகிதப் பையால் மூடி வையுங்கள். தடவியது திரளும், மூடியது மஞ்சளாகி உதிரும். ஒரே வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

அந்த வாரத்துக்கு மட்டும் அறிவியல் வகுப்பை முதல் பீரியடுக்கு மாற்றுங்கள். பூசணிப் பூ விடியலில் விரியும், மதியத்துக்குள் சுருங்கிவிடும்.