பெய்லியின் விரல்

ஜப்பானில் 1859இல் யோகோஹாமா துறைமுகம் திறக்கப்பட்டதும், உதாகவா சதாஹிதே போன்ற மரக்கட்டை அச்சு ஓவியர்கள் அங்கு வந்திறங்கிய வெள்ளையர்களை வரைந்து தள்ளினார்கள். அந்தப் படங்களை உலக அருங்காட்சியகங்கள் வரலாற்றுச் சான்றாகவே பாதுகாக்கின்றன. பெங்களூரிலிருந்து காரில் இரண்டரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஸ்ரீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் மாளிகைச் சுவரோவியத்துக்கு அந்த மரியாதையை நாம் தருவதில்லை. 1780 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே புள்ளலூரில் மைசூரின் ஹைதர் அலியும் திப்புவும் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை முறியடித்த காட்சி அது. வெடித்துச் சிதறும் மருந்து வண்டி, நெருக்கியடித்து நிற்கும் சிவப்புச் சட்டைச் சிப்பாய்கள், நடுவே பல்லக்கில் விரலைக் கடித்தபடி அந்தப் படையின் தளபதி கர்னல் பெய்லி. தோற்றவனின் திகைப்பை அந்த ஒரு விரலில் சொல்லிவிட்டார் ஓவியர்.

வென்றவர் வரையவைத்த விளம்பரம்தானே, அதுவும் பலமுறை திருத்தி எழுதப்பட்டதுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சிதைந்த ஓவியத்தை 1799இல் திப்பு வீழ்ந்த பின் ஆங்கிலத் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லி புதுப்பிக்கச் செய்தார். கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி காலத்திலும் வண்ணம் ஏறியது. ஆனால் யோகோஹாமா ஓவியர்களும் ஆங்கிலப் பத்திரிகைப் படங்களைப் பார்த்து வரைந்தவர்கள்தாம். அதனால் அவர்களின் படங்களை யாரும் ஒதுக்கிவிடவில்லை. போர்க்களத்தில் யார் எங்கே நின்றார் என்பதற்கு இச்சுவரை நம்ப வேண்டாம். வெள்ளையன் வெல்ல முடியாதவன் அல்ல என்று மைசூர் அரசவை எப்படிப் பார்த்தது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி கிடைப்பது அரிது. புள்ளலூரைக் கம்பெனி அதிகாரிகளின் குறிப்புகளோடு நிறுத்திவிடாமல், நம் பிள்ளைகளின் பாடநூலில், கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும், இந்தச் சுவர் முழுப்பக்கப் படமாக இடம்பெற வேண்டும்.