புது வீதி, பழைய வான்: தேய்ந்த பாகங்களுக்கு யார் பொறுப்பு?

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, ஏறக்குறைய ஐந்து வருடங்களின் பின்னர், 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்டது. எந்த வாகனம் என்ன விலை, அரசுக்கு எவ்வளவு வரி வருமானம் என்பவையே அன்றிலிருந்து செய்தியாக இருக்கின்றன. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வாடகைக்கு வான் ஓடும் ஒருவருக்கு அந்தச் செய்தியில் இடமில்லை. சுங்கத் தீர்வை, அதன்மேல் 50 சதவீத மேலதிக வரி, உற்பத்தி வரி, 18 சதவீத வற் என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றப்பட்ட பிறகு வரும் விலை அவரால் எட்ட முடியாதது. இருபது, முப்பது வருடப் பழைய வானின் தேய்ந்த பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றி, இன்னும் கொஞ்சக் காலம் ஓட்டுவது ஒன்றுதான் அவருக்கு இருக்கும் வழி.

இது வாகனப் பிரியர்களின் பிரச்சினையல்ல. வடக்கில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றுவது இந்த வான்கள்தான். வன்னியின் உட்கிராமங்களிலிருந்து யாழ். போதனா வைத்தியசாலைக்கு நோயாளியைக் கொண்டு செல்வதும், யுத்தத்தில் கால்களை இழந்தவரைச் சக்கர நாற்காலியோடு ஏற்றுவதும், காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் சேர்ந்து காசு போட்டுப் போராட்டங்களுக்குப் போவதும், மே 18 அன்று முள்ளிவாய்க்காலுக்குக் குடும்பமாகச் செல்வதும் இவற்றில்தான். ஆகவே, ஒரு பழைய வானின் பிறேக் எப்படி இருக்கிறது என்பது எங்களுக்குப் பொதுப் பிரச்சினை.

பாராட்டுக்குப் பின்னால்

பழையதை ஓட வைப்பதில் எங்களை மிஞ்ச ஆளில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். அதில் உண்மையும் இருக்கிறது. 1990இல் யுத்தம் மீண்டும் தொடங்கியதும் வடக்கின்மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் எரிபொருள், பற்றரி, சீமெந்து ஆகியவற்றோடு வாகன உதிரிப்பாகங்களும் அகப்பட்டன. கொஞ்சம் பெற்றோலில் ஸ்ராட் செய்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடிய மொறிஸ் மைனர்களையும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ்களையும் என் தலைமுறை சிறுவயதில் பார்த்திருக்கிறது. அவற்றில் சில யுத்தம் முடிந்த பிறகும் யாழ். நகரில் வாடகைக்கு ஓடின. 2006 ஓகஸ்டில் ஏ9 மீண்டும் மூடப்பட்டபோது அதே திறமை மறுபடியும் கைகொடுத்தது. 2009இல் இடம்பெயர்ந்து ஓடியவர்களுக்கு உழவு இயந்திரமும் வானும்தான் வீடாகவும் இருந்தன. அவை கடைசியில் முள்ளிவாய்க்காலிலும் அதை அண்டிய இடங்களிலும் துருப்பிடித்த குவியல்களாகக் கிடந்ததை நாங்கள் மறக்கவில்லை.

ஆனால், அந்தத் திறமையை நாங்கள் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. அது தடையால் திணிக்கப்பட்டது. அதைத் தனியே பாராட்டிக்கொண்டிருந்தால், தடை விதித்தவர்களின் பொறுப்பு மறைந்துவிடும். இன்று நடப்பதும் அதுதான். 2022 நெருக்கடியில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர் சில வாரங்களில் 360 ரூபாவைத் தொட்டது. பிறகு கொஞ்சம் இறங்கியது, பழைய இடத்துக்கு வரவில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு உதிரிப்பாகத்தின் விலையிலும் அந்த வித்தியாசம் ஒட்டிக்கொண்டது. கையில் காசில்லாதவர் இன்னொரு மாதம் பார்ப்போம் என்று தள்ளிப்போடுகிறார். அதை 'எங்கட ஆட்கள் சமாளிப்பார்கள்' என்று சொல்லிக் கடந்துபோகிறோம்.

வீதி மாறிவிட்டது

அன்றைய சமாளிப்புக்கும் இன்றைய சமாளிப்புக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. குண்டும் குழியுமான வீதியில், சைக்கிள்களுக்கு நடுவே, மணிக்கு 30, 40 கிலோமீற்றரில் போன வாகனத்தின் பிறேக் பலவீனமாக இருந்தாலும் பெரும்பாலும் ஒரு வேலியோடு விடயம் முடிந்தது. யுத்தத்தின் பின்னர் ஏ9 காப்பெற் வீதியானது. அதே வயதான வான் இப்போது 80இல் ஓடுகிறது. வேகம் இரண்டு மடங்காகும்போது பிறேக் தாங்க வேண்டிய சக்தி நான்கு மடங்காகும். வீதியைப் புதுப்பிக்கக் கடன் கிடைத்தது. அதில் ஓடும் வாகனத்தைப் புதுப்பிக்க வழி கிடைக்கவில்லை.

இந்தக் கட்டுரைக்காக வடக்கில் சில கராஜ்களில் நேரம் செலவழித்தேன். பழுதுக்காக வந்து நிற்கும் வான்களில் கணிசமானவை நாங்கள் 'டொல்பின்' என்று அழைக்கும் ரொயோட்டா ஹயஸ். 1989இல் அறிமுகமான அந்த வரிசை வான்களின் டீசல் எஞ்சின் சரியாகப் பராமரித்தால் பல இலட்சம் கிலோமீற்றர் ஓடக்கூடியது. அதனால்தான் உடலும் மற்றப் பாகங்களும் களைத்த பிறகும் வான் ஓடிக்கொண்டிருக்கிறது. சிக்கல் அங்கேதான். எஞ்சின் ஓடுவதால் வான் நன்றாக இருக்கிறது என்று நம்புகிறோம்.

பாகங்களை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, பழுதானால் எங்களை நடுவழியில் நிறுத்துபவை: ஸ்ராட்டர் மோட்டர், ஒல்ரனேற்றர், றேடியேற்றர் போன்றவை. கதவு, கண்ணாடி, இருக்கை போன்றவை அந்தளவுக்கும் போகாது. இவற்றைக் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து வரும் பாவித்த சாமானாகப் பார்த்து வாங்கலாம். பணமும் மிச்சம்.

மற்றது, பழுதானால் ஆளைக் கொல்பவை. பிறேக் மாஸ்ரர் சிலிண்டருக்குள் இருக்கும் றபர், சில்லுக்குப் போகும் பிறேக் குழாய், போல் ஜொயின்ற், ஸ்ரியறிங் றொட் முனைகள், ரயர். இவற்றில் பாவித்த சாமான் என்பதே இருக்கக் கூடாது. றபர் ஓடினால் மட்டும் தேய்வதில்லை, சும்மா கிடந்தாலும் முதிர்கிறது. பிறேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். பழைய ஒயில் நீண்ட இறக்கத்தில் சூடேறிக் கொதித்தால், காலடியில் பிறேக் இல்லாமல் போகும். அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பூ தேயாமல் இருக்கிறது என்பதற்காக அந்த ரயரை நம்ப முடியாது.

இரண்டு வகைக்கும் நடுவில் நிற்பது ரைமிங் பெல்ட். இந்த எஞ்சின்களில் ஏறக்குறைய ஒரு இலட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும். அறுந்தால் எஞ்சினின் உள்ளே வால்வுகள் வளைந்து, சில மாத உழைப்பு ஒரு நொடியில் போய்விடும். ஆனால், கிலோமீற்றர் காட்டும் மானியையே திருப்பிவைத்து விற்கப்பட்ட வாகனத்தில் அந்தக் கணக்கை எங்கிருந்து தொடங்குவது? வாங்கிய அன்றே பெல்ட்டை மாற்றி, திகதியை எழுதி ஒட்டிவைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

புகையைப் பார்க்கும் அரசு

வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க ஒவ்வொரு வருடமும் வாகனத்தைப் புகைப் பரிசோதனைக்குக் கொண்டு போகிறோம். காசு கட்டுகிறோம், சான்றிதழ் வாங்குகிறோம். அங்கே புகையைத்தான் பார்க்கிறார்கள், பிறேக்கைப் பார்ப்பதில்லை. பஸ், லொறி போன்ற வர்த்தக வாகனங்களுக்குத் தகுதிச் சான்றிதழ் உண்டு. சாதாரண வானாகப் பதிவு செய்யப்பட்டு வாடகைக்கு ஓடும் வாகனத்தின் பிறேக்கை ஒருவரும் பார்க்காமலே பல வருடங்கள் கழியலாம்.

2025 மே மாதம் கொத்மலையில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20இற்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே வருடம் செப்டெம்பரில் எல்ல விபத்தில் 15 பேர் இறந்தார்கள். ஒவ்வொரு விபத்தின் பின்னரும் வாகனங்களின் தகுதி பற்றிய பேச்சு எழுகிறது. அந்தப் பேச்சு பெரும்பாலும் பொலிஸார் வீதியில் மறித்துச் சோதிப்பதில் முடிகிறது. வீதியில் மறிக்கப்படுவதும் சோதிக்கப்படுவதும் எங்கள் மக்களுக்கு வேறு நினைவுகளைக் கொண்டு வரும் விடயங்கள். தவிர, தண்டப்பணம் கட்டியவரிடம் பிறேக் றபர் வாங்கக் காசு மிஞ்சாது. லீசிங் தவணையும் தண்டப்பணமும் ஒரே மாதத்தில் வந்தால், முதலில் தள்ளிப்போடப்படுவது திருத்த வேலைதான்.

செய்யக்கூடியவை இருக்கின்றன. புகைப் பரிசோதனை நடக்கும் இடத்திலேயே பிறேக், ஸ்ரியறிங், ரயர் மூன்றையும் பார்த்து, தண்டம் விதிக்காமல், திருத்துவதற்குக் கால அவகாசம் கொடுக்கலாம். ஆடம்பரத்துக்கும் பாதுகாப்புக்கும் ஒரே கணக்கில் வற் அறவிடாமல், உயிர்காக்கும் இந்தச் சில பாகங்களுக்கு வரியைக் குறைக்கலாம். போலிச் சாமான்களை, அவற்றைப் பொருத்தும் கராஜில் அல்லாமல், இறக்கப்படும் இடத்திலேயே பிடிக்கலாம். யுத்தகாலத்தில் கண்ணாலும் காதாலும் தொழில் பழகிய எங்கள் மெக்கானிக்குகளுக்கு, அவர்களுடைய அனுபவத்தை ஏற்றுக்கொள்ளும் தொழில் தகைமைச் சான்றிதழையும், பிறேக் சோதிக்கும் உபகரணங்கள் வாங்க இலகு கடனையும் கொடுக்கலாம்.

வருமான அனுமதிப்பத்திரக் கட்டணம் மாகாணத்துக்கு வரும் பணம். அதில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குங்கள் என்று கேட்க, மக்கள் தெரிவுசெய்த வட மாகாண சபை இல்லை. 2018 ஒக்டோபரில் பதவிக்காலம் முடிந்த சபைக்கு இன்னும் தேர்தல் வைக்கப்படவில்லை. மாகாண சபைத் தேர்தலைப் பற்றிப் பேசும் எங்கள் கட்சிகள் அதிகாரப் பகிர்வைப் பற்றி மட்டுமல்லாமல், அந்த அதிகாரத்தால் ஒரு பாடசாலை வானின் பிறேக்கை எப்படிப் பாதுகாப்போம் என்றும் சொன்னால், மக்கள் கவனித்துக் கேட்பார்கள்.

அதுவரை எங்களிடம் இருப்பது நாங்கள்தான். வான் பிடித்துப் பயணம் போகும் குழுக்களும், பிள்ளைகளை வானில் அனுப்பும் பெற்றோரும், பிறேக் எப்போது பார்த்தது, ரயர் எந்த வருடத்தது என்று சாரதியிடம் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. கேட்கும்போது இன்னொன்றையும் செய்ய வேண்டும். எல்லாரிலும் குறைந்த கூலிக்கு வருபவரையே தேடாமல், திருத்த வேலைக்கான காசையும் கூலியில் சேர்த்துக் கொடுக்க வேண்டும். முப்பது பெற்றோர் மாதம் நூறு ரூபா கூடக் கொடுத்தால் 3,000 ரூபா. வருடத்துக்கு 36,000. அந்தக் காசு, அடுத்த மாதம் பார்ப்போம் என்று ஒரு சாரதி தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கும் பிறேக் வேலைக்குப் போய்ச் சேரும்.